ரப்பர் பால் நிறத்தில் ரத்தம்

வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் கொழுப்பைப் பற்றித்தான். அதிலும் முக்கால்வாசி தேங்காய் எண்ணெயில் தொடங்கித் தேங்காய் எண்ணெயிலேயே முடிகின்றன. தக்கலையில் முப்பத்து நான்கு வருடம் கிளினிக் நடத்தியவள் நான், எனக்கு இது பழகிய கேள்வி. ஆனால் முதலில் குலசேகரத்துக் கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். அது பத்திரிகை அச்சாகும்வரை காத்திருக்கக் கூடிய கடிதமே இல்லை. எழுதியவரோடு அன்றைக்கே போனில் பேசிவிட்டேன்.

கேள்வி: என் அப்பாவுக்கு 52 வயது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. போன வாரம் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தபோது, லேபில் இருந்த பெண் “ரத்தத்துல பால் கலந்த மாதிரி இருக்கு” என்றாராம். ட்ரைகிளிசரைடு 1140. அன்றிலிருந்து வீட்டில் தேங்காய் எண்ணெயை நிறுத்திவிட்டுச் சூரியகாந்தி எண்ணெய் வாங்குகிறோம். இது போதுமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: போதாது தம்பி. ட்ரைகிளிசரைடு என்பது ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பு. அது 150-க்குள் இருக்க வேண்டும். 500-ஐத் தாண்டினாலே கணையத்துக்கு ஆபத்து தொடங்குகிறது. ஆயிரத்தைத் தாண்டியவருக்குக் கணையம் எந்த நேரமும் வீங்கலாம். மேல் வயிற்றில் கடுமையான வலி வந்து முதுகுக்குப் பாய்ந்தால், கூடவே வாந்தியும் வந்தால், வாயு பிடித்திருக்கிறது என்று சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

லேப் பெண் சொன்னது சரிதான். நான் பிறந்து வளர்ந்தது அருமனைப் பக்கம். என் அப்பாவும் பால்வெட்டியவர். விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் கூடப் போவேன். பட்டையில் கத்தி இழுத்த கோட்டின் வழியே பால் ஊர்ந்து வந்து சிரட்டையில் சொட்டும். மருத்துவக் கல்லூரியில் ஒருநாள், இயந்திரத்தில் சுழற்றி எடுத்த, ரத்தம் இருந்த சோதனைக் குழாய் ஒன்றை எங்கள் கையில் கொடுத்தார்கள். அடியில் சிவப்பணுக்கள் படிந்திருந்தன. மேலே இளமஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய நீர், வெள்ளை வெளேரென்று இருந்தது. எனக்கு எங்கள் சிரட்டைதான் ஞாபகம் வந்தது.

இரண்டும் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் ஒன்றே. ரப்பர் பால் என்பது தண்ணீரில் மிதக்கும் எண்ணற்ற ரப்பர் துகள்கள். ஒவ்வொரு துகளையும் சுற்றிப் புரதமும் பாஸ்போலிப்பிடு என்ற ஒருவகைக் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய உறை இருக்கிறது. அந்த உறை இருப்பதால்தான் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கின்றன. ஆசிட் ஊற்றியதும் உறையின் காவல் போய்விடும், பால் திரண்டு கட்டியாகும், ஷீட் அடிக்கலாம். ரத்தத்திலும் இதே ஏற்பாடுதான். எண்ணெய் தண்ணீரில் கரையாது, ரத்தமோ பெரும்பகுதி தண்ணீர். அதனால் உடம்பு கொழுப்பைச் சிறு சிறு உருண்டைகளாக்கி, மேலே புரதமும் பாஸ்போலிப்பிடும் கொண்டு உறை போட்டு அனுப்புகிறது. குடலிலிருந்து கிளம்பும் உருண்டைக்குக் கைலோமைக்ரான் என்று பெயர்.

அது உருவாகும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்ட கொழுப்பு இரைப்பையில் கொஞ்சம்தான் மாறுகிறது. வேலை நடப்பது சிறுகுடலில். இறைச்சி வறுத்த சட்டியை வெறும் தண்ணீரில் கழுவினால் பிசுக்கு போகுமா? சோப்பு பட்டால்தான் எண்ணெய் பொடிப்பொடித் துளியாக உடையும். கல்லீரல் சுரந்து பித்தப்பை சேர்த்துவைத்திருக்கும் பித்தநீர், குடலில் அந்தச் சோப்பு வேலையைச் செய்கிறது. உடைந்த துளிகளைக் கணையத்திலிருந்து வரும் லிப்பேஸ் என்ற நொதி வெட்டுகிறது. குடல் சுவர் அந்தத் துண்டுகளை உறிஞ்சி, உள்ளே வைத்து மறுபடியும் ட்ரைகிளிசரைடாகக் கோத்து, உறை போட்டு வெளியே விடுகிறது. சோறு செரித்து வரும் சர்க்கரை நேரே கல்லீரலுக்குப் போகும். இந்த உருண்டைகளுக்கு அந்த வழி கிடையாது. இவை நிணநீர்க் குழாய் வழியாக மார்புக்குள் ஏறி, கழுத்தின் இடது அடிப்பக்கத்தில் ரத்தத்தோடு கலக்கின்றன.

ஆகவே எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரத்தில் யாருடைய ரத்தத்தை எடுத்தாலும் கொஞ்சம் கலங்கித்தான் இருக்கும். தசையிலும் கொழுப்புத் திசுவிலும் ஓடும் நுண்ணிய நாளங்களின் உட்சுவரில் இன்னொரு நொதி உட்கார்ந்திருக்கிறது. அது உருண்டைகளைப் பிடித்துக் கொழுப்பை இறக்கிக்கொள்ளும். இரவு சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ரத்தம் தெளிந்திருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்குத் தெளியவில்லை என்றால், சரக்கு இறக்கும் இடம் திணறுகிறது என்று பொருள்.

ஏன் திணறுகிறது? கல்லீரலும் தன் பங்குக்குக் கொழுப்பு உருண்டைகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய மாவுச்சத்து, சர்க்கரை, குடித்த மது, இவற்றிலிருந்து கல்லீரல் சொந்தமாகவே ட்ரைகிளிசரைடு தயாரிக்கும். குடலிலிருந்து வருவதும் கல்லீரலிலிருந்து வருவதும் இறங்க வேண்டியது ஒரே இடத்தில். களியக்காவிளை செக்போஸ்டில் இரண்டு பக்க லாரியும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் வரிசை எவ்வளவு தூரம் போகும் என்று நமக்குத் தெரியும்.

அதனால்தான் போனில் அப்பா என்னென்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். பால்வெட்டி முடித்து வந்ததும் ஒரு பெரிய தட்டு நிறைய மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), மீன்கறி. மத்தியானம் சோறு. நாளைக்கு ஐந்தாறு சாயா, எல்லாம் சீனி தூக்கலாக. அப்புறம், கொஞ்சம் தயங்கி, “சாயங்காலம் குடிப்பாரு டாக்டர், தினமும்” என்றீர்கள். சர்க்கரை பரிசோதனை இதுவரை செய்ததில்லை. மரச்சீனியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் திருவிதாங்கூர் முழுக்கப் பரப்பிய கிழங்கு அது. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது எங்கள் வீடுகளில் அடுப்பு எரிந்தது அதனால்தான். ஆனால் அது முழுக்க மாவுச்சத்து. 1140 என்று எண் வந்தவருக்குத் தட்டு நிறைய அதைக் கொடுக்க முடியாது.

இப்போது செய்ய வேண்டியவை. மது அடியோடு நிற்க வேண்டும், “கொஞ்சம்” என்பதும் வேண்டாம். சாயாவில் சீனி வேண்டாம். மரச்சீனியும் சோறும் பாதி, மீன்கறியும் காய்கறியும் கூடுதல். சர்க்கரையும் தைராய்டும் கட்டாயம் பார்க்க வேண்டும், இரண்டில் எது கெட்டிருந்தாலும் ட்ரைகிளிசரைடு ஏறும். தேங்காய் எண்ணெயை நிறுத்தியது தப்பில்லை. ஆனால் அதே அளவு சூரியகாந்தி எண்ணெய் ஊற்றினால் இந்த நிலையில் பலன் இல்லை. சமையல் எண்ணெய் எதுவானாலும் அதன் பெரும்பகுதியைக் குடல் கைலோமைக்ரானாகத்தான் கட்டும். எண் இறங்கும்வரை எல்லா எண்ணெயும் மிக மிகக் குறைவாக இருக்கட்டும். மாத்திரையும் தேவைப்படும், அதை நேரில் பார்க்கும் டாக்டர் முடிவு செய்வார். இன்னொன்று: அதே ரிப்போர்ட்டில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படுவது) குறைவு என்று அச்சடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். வழக்கமான கணக்குப் போட்டு எழுதும் எல்.டி.எல்., ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் நம்பக்கூடியது இல்லை.

கேள்வி: எண்ணெய் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று போட்டிருந்தால் இதயத்துக்கு நல்லதுதானே?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கொலஸ்ட்ரால் என்பது விலங்கு உணவில் இருப்பது. தாவர எண்ணெய் எதையும் கொலஸ்ட்ரால் உள்ளது என்று சொல்ல முடியாது, தேங்காய் எண்ணெய் உட்பட. அதனால் அந்த வரியைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பாக்கெட்டின் பின்பக்கம் திருப்பி, நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு, டிரான்ஸ் கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். நிறைவுற்ற கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். டிரான்ஸ் கொழுப்பு அதை ஏற்றுவதோடு நல்லதையும் இறக்கும். 2022 ஜனவரி முதல் எண்ணெயிலும் வனஸ்பதியிலும் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். ஆனால் கடையில் பாக்கெட் பார்த்து வாங்கும் நாம், வீட்டில் பப்படம் பொரித்த எண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்துவைத்து, மறுநாள் மீன் பொரித்து, அதற்கு மறுநாள் தாளிக்கவும் ஊற்றுகிறோம். கறுத்து, நுரைத்து, கொழகொழவென்று ஆன எண்ணெய் எந்தப் பிராண்டானாலும் கெட்டுப்போனதுதான். ஒருமுறை பொரித்ததை இரண்டொரு நாளில் தாளிக்கப் பயன்படுத்தி முடித்துவிடுங்கள்.

கேள்வி: ஒருவர் தேங்காய் எண்ணெய் விஷம் என்கிறார். இன்னொருவர் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு ஸ்பூன் குடித்தால் கொழுப்பு கரையும் என்கிறார். எங்கள் வீட்டில் பாட்டா (தாத்தா) காலத்திலிருந்து வேறு எண்ணெய் கிடையாது. யாரை நம்புவது?
– குடும்பத்தலைவி, இரணியல்

பதில்: இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. ‘குடித்தால் கரையும்’ என்பவர்கள் சொல்லும் காரணம், அதிலுள்ள நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும் என்பது. அது எட்டு, பத்து கார்பன் உள்ள அமிலங்களுக்குப் பொருந்தும். தேங்காய் எண்ணெயில் அவை கொஞ்சம்தான். பாதிக்குக் கிட்டத்தட்ட இருப்பது பன்னிரண்டு கார்பன் கொண்ட லாரிக் அமிலம். அதில் பெரும்பகுதி மேலே சொன்ன நிணநீர் வழியாகத்தான் போகிறது. மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-இல் ஒரு கட்டுரை வந்தது. தேங்காய் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். சராசரியாகச் சுமார் 10 மில்லிகிராம் கூடியிருந்தது. நல்லது எனப்படும் எச்.டி.எல். சுமார் 4 கூடியிருந்தது. எச்.டி.எல். கூடுவதால் மட்டும் மாரடைப்பு குறையும் என்று நிரூபிக்க முடியவில்லை, அதை ஏற்றும் மருந்துகளைப் பரிசோதித்தபோது ஏமாற்றம்தான் கிடைத்தது.

பாட்டா காலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கொப்பரையைக் காயவைத்து, காக்காய் கொத்தாமல் காவல் இருந்து, செக்குக்குக் கொண்டுபோய் ஆட்டிக்கொண்டு வருவோம். அம்மா அந்த எண்ணெயைப் போத்தலின் வாயில் விரல் வைத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவாள். அந்த எண்ணெய் மாதக் கடைசிவரை வர வேண்டும். இன்றைக்கு லிட்டர் பாக்கெட்டை வெட்டிச் சட்டியில் கவிழ்க்கிறோம். எண்ணெய் பழைய எண்ணெய்தான், அளவு பழைய அளவு இல்லை.

ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர், சிப்ஸ் பொரிப்பதும் அதற்குள்தான். அதில் ஒரு பங்கு தேங்காய் எண்ணெய், மீதி நல்லெண்ணெய், கடலை எண்ணெய் என்று மாற்றிக்கொள்ளலாம். மாரடைப்பு வந்தவர்களும் எல்.டி.எல். கூடியவர்களும் தேங்காய் எண்ணெயை இன்னும் சுருக்க வேண்டும். வெறும் வயிற்றில் குடிக்கும் வேலை யாருக்கும் வேண்டாம்.

முருங்கைக்கீரை துவரனில் ஒரு கைப்பிடித் தேங்காய் திருவிப் போடுகிறீர்களே, அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். கீரையிலுள்ள கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உடம்பில் ஏறும். வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்போடுதான் உள்ளே போகின்றன. ஆனால் நூறு கிராம் தேங்காயில் 33 கிராம் கொழுப்பு இருக்கிறது. துவரனிலும் தேங்காய், அவியலிலும் தேங்காய், தீயலிலும் வறுத்த தேங்காய் என்று ஒரே நாளில் மூன்றும் வைக்க வேண்டாம்.

கேள்வி: ஐந்து வருடமாகக் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறேன். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இப்போது எல்.டி.எல். 66. நார்மல் ஆகிவிட்டதே, இனி நிறுத்திவிட்டு உணவிலேயே கட்டுப்படுத்தலாமா?
– ஓய்வுபெற்ற ஊழியர், மார்த்தாண்டம்

பதில்: நிறுத்தாதீர்கள் ஐயா. கெஞ்சிக் கேட்கிறேன்.

என் அண்ணனுக்கு 58 வயதில் முதல் மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த வருடம் ரிப்போர்ட்டில் எல்லாம் அளவுக்குள் வந்தது. யாரோ ஒரு தெரிந்தவர், மாத்திரை ஈரலைக் கெடுக்கும், எண் சரியானபின் எதற்கு என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் அவரை நம்பினார். என்னிடம் சொல்லவில்லை. பதினான்கு மாதம் கழித்து இரண்டாவது முறை வந்தது. ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்துவிட்டு, அடையாள அட்டை எடுக்க வீட்டுக்குப் போனேன். மேசை இழுப்பறையில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. திறந்தால், மாதாமாதம் அண்ணி வாங்கிக் கொடுத்த மாத்திரை அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்காமல், ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தன. பணத்தை வீணாக்க மனமில்லாமல் எறியாமல் வைத்திருந்திருக்கிறார். அண்ணன் பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி செத்துவிட்டது. இப்போது எங்கள் வீட்டு மாடிப்படியில் ஆறாவது படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுவார். வருடாவருடம் அவர் வீட்டில் சாப்பிட்ட நான், ஒருமுறையாவது மாத்திரையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் 66 என்பது மாத்திரையோடு சேர்ந்த 66. உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது, சாப்பாட்டிலிருந்து வருவது சிறுபகுதி. கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் ஸ்டாடின் மாத்திரை கல்லீரலின் அந்தத் தயாரிப்பைக் குறைக்கிறது. தனக்குக் கொலஸ்ட்ரால் குறைகிறதே என்று கல்லீரல் தன் மேற்பரப்பில் கூடுதலாகக் கொக்கிகள் வைத்து, ரத்தத்தில் போகும் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்தக் கொக்கியைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் கொக்கிகள் குறைந்து எண் பழையபடி ஏறிவிடும். அந்த எல்.டி.எல். ரத்தக்குழாயின் உட்சுவருக்கு அடியில் புகுந்து தேங்கும், வெள்ளணுக்கள் அதைத் தின்று வீங்கும், அது படிமமாகும். வலி எதுவும் தெரியாது. படிமம் வெடித்து ரத்தம் உறையும் அன்றுதான் தெரியும். கால் தசை வலிக்கிறதென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார் அல்லது வேறு மாத்திரை தருவார்.

கேள்வி: கடலில் போகிற எங்களுக்கே மீன் எண்ணெய் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். தேவையா?
– மீனவர், குளச்சல்

பதில்: உங்களுக்கு எதற்காக எழுதினார்கள் என்று கேளுங்கள். ட்ரைகிளிசரைடு மிகவும் கூடியிருந்தால் மருந்தளவில் கொடுப்பது உண்டு. மற்றபடி வாரம் இரண்டு மூன்று நாள் சாளையோ (மத்தி) அயலையோ (கானாங்கெளுத்தி) குழம்பாக வைத்துச் சாப்பிடுகிறவருக்கு மாத்திரை வேண்டாம். ஒமேகா-3 கொழுப்பில் அந்த இரண்டு மீனும் முன்வரிசை. நெய்மீனை விற்றுவிட்டுச் சாளையை வீட்டுக்குக் கொண்டுபோகிறோமே என்று உங்கள் வீட்டம்மா வருத்தப்பட்டால், நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பொரிக்காமல் புளிமுளமாக வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பித்தப்பைக் கல்லுக்காக ஆபரேஷன் செய்து பையையே எடுத்துவிட்டார்கள். இனி கொழுப்பே சேர்க்கக் கூடாதா?
– வாசகி, பூதப்பாண்டி

பதில்: சேர்க்கலாம். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பை அதைச் சேர்த்துவைக்கும் குடம் மட்டும். குடம் இல்லாததால் இனி அது சிறிது சிறிதாகக் குடலில் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒரே வேளையில் பிரியாணியும் பொரித்த கோழியும் வந்தால் அவ்வளவையும் சமாளிக்கப் பித்தநீர் இருக்காது, வயிற்றுப்போக்கு வரும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் பழகிவிடும்.

கேள்வி: கொழுப்பு கரைகிறது என்கிறார்கள். கரைந்து எங்கே போகும்? வியர்வையிலா, சிறுநீரிலா?
– பிளஸ் டூ மாணவன், கொட்டாரம்

பதில்: நல்ல கேள்வி மக்களே. டாக்டர்களிலேயே பலர் இதற்குத் தப்பாகப் பதில் சொல்வார்கள். பெரும்பகுதி மூச்சில் போகிறது. கொழுப்பு என்பது கார்பன், ஹைட்ரஜன், கொஞ்சம் ஆக்சிஜன். நீ இழுக்கும் காற்றின் ஆக்சிஜனோடு அது எரியும்போது கரியமில வாயுவும் தண்ணீரும் ஆகிறது. 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் சுமார் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூக்கு வழியே வெளியேறும். மீதி 1.6 கிலோதான் தண்ணீர், அதுதான் வியர்வையிலும் சிறுநீரிலும் போவது. அதற்காக உட்கார்ந்த இடத்தில் வேகவேகமாக மூச்சு விட்டுப் பார்க்காதே, தலைதான் சுற்றும். தசை வேலை செய்து எரித்தால்தான் அந்த வாயு உண்டாகும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மருந்துவாழ் மலை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயிலுக்கு முன்னால் ஏறு. பாதி தூரத்தில் பாறையில் கைவைத்து நின்று மூச்சு வாங்குவாயே, அந்த மூச்சில் ஒரு பங்கு நீ எப்போதோ சாப்பிட்ட கொழுப்புதான்.